முந்திரியும் பென்னிங்கும் கால்குலேட்டரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் பாதி படித்துவிட்டு நகர்ந்துவிடாமல், சாயங்காலம் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பள்ளியில் நாற்பத்தைந்து நிமிடம் என் கணக்கு வகுப்பைத் தாங்கியவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

நம் பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத தெரு கிடையாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல. பிள்ளைகள் சம்பாதித்து வாங்கியவை சில. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் காசு கொடுக்காமலே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. அதில் பெரும்பாலோர் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு நிறுத்திவிடுகிறோம். மீதி எதற்கு உதவும் என்பதை நம் ஏரிக்கரையின் கணக்கு வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும். ஆகவே முதலில் வரலாறு, பிறகு பொத்தான்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துக்குப் போவோம். 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எண்சுவடி என்றால் நம் இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு மட்டும் அல்ல. பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. கால், அரை, முக்கால் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. அதற்குக் கீழே அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஒரு மா என்றால் இருபதில் ஒன்று. மாவில் கால் காணி, அதாவது எண்பதில் ஒன்று. மாவில் அரைக்கால் அரைக்காணி, நூற்று அறுபதில் ஒன்று. மாவில் வீசம் முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று. அந்த முந்திரியை மறுபடியும் முந்நூற்று இருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி.

"முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கிட்டத்தட்ட முடிந்தது என்ற பொருளில் சொல்கிறோம். ஆனால் அது ஒரு துல்லியமான எண். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. கால்குலேட்டரில் போட்டால் 0.9375.

இப்போது உங்கள் கால்குலேட்டரைத் திறந்து 1 ÷ 320 போடுங்கள். 0.003125 என்று வந்து நின்றுவிடும். காணிக்கு 1 ÷ 80 போட்டால் 0.0125, மாவுக்கு 0.05, வீசத்துக்கு 0.0625. கீழ்முந்திரிக்கு 1 ÷ 102400 போட்டுப் பாருங்கள், 0.000009765625 என்று அதுவும் முடிந்துவிடும். 1 ÷ 3 போட்டால் மட்டும் 3, 3, 3 என்று திரை நிரம்பும். கீழ்முந்திரி வரையுள்ள நம் முன்னோரின் பின்ன வரிசை இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே வகுத்து உண்டாக்கப்பட்டது. அதனால்தான் அதில் எந்தப் பின்னத்தை எடுத்தாலும் தசமத்தில் மீதியின்றி முடிகிறது. தசமப் புள்ளியே எழுதாதவர்கள் உண்டாக்கிய வரிசை, தசமக் கருவியில் ஒரு பிசிறும் இல்லாமல் உட்காருகிறது.

இனி நம் ஊர்க் கோட்டைக்கு வருவோம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் நம் ஊர்தான். இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். துணி வாங்கிக் கப்பல் கப்பலாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதினார்கள். வராகனிலும் பணத்திலும் வாங்கியதைத் தங்கள் நாட்டுக் கில்டராக மாற்றி எழுத வேண்டியிருந்தது.

அந்தப் பேரேட்டில் கணக்கு எப்படிப் போகும் தெரியுமா? ஒரு கில்டருக்கு 20 ஸ்டாய்வர். ஒரு ஸ்டாய்வருக்கு 16 பென்னிங். ஆக ஒரு கில்டருக்கு எத்தனை பென்னிங்? 20 × 16 = 320.

மறுபடியும் படியுங்கள். ஸ்டாய்வர் என்பது இருபதில் ஒன்று, நம் மா. பென்னிங் என்பது அந்த இருபதில் ஒன்றில் பதினாறில் ஒன்று, நம் முந்திரி. கோட்டைக்குள் டச்சு எழுத்தர் ஒரு பென்னிங் எழுதினால், கோட்டைக்கு வெளியே நம் கணக்கப்பிள்ளை அதைக் கில்டரில் ஒரு முந்திரி என்று சொல்லிவிடலாம். மாற்று விகிதமே தேவையில்லை.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. கையிலும் காலிலும் விரல் இருபது. தராசில் எடை போடுகிறவனுக்குப் பாதியாக்குவது எளிது, நான்கு முறை பாதியாக்கினால் பதினாறு. இருபதும் பதினாறும் வெவ்வேறு நாட்டு வியாபாரிகளுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை என்பது என் எண்ணம். அந்த இரண்டு 320-ம் ஒரே ஊரில் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுதின என்பதுதான் எனக்கு வியப்பு.

பெருமையோடு நிறுத்தக்கூடாது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலத்தில் விலைபோன மனிதர்களும் அடிமைகளாக பத்தாவியாவுக்குப் போனார்கள். பேரேட்டில் அவர்களும் சரக்கைப் போல எண்ணும் விலையுமாகத்தான் ஏறினார்கள். ஒரு கணக்கு கடைசி முந்திரி வரை சரியாக இருக்கலாம், அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணக்கு யார் கையில் இருக்கிறது, எதிரே நிற்பவனுக்கு அதைச் சரிபார்க்கத் தெரியுமா என்பதே கேள்வி. இந்தப் பதிவு முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒரு ரூபாய்க்கு 192 பை. பதினாறு இருந்ததால் வீசம் பிழைத்தது: ஒரு ரூபாயில் வீசம் என்பது ஓர் அணா. ஆனால் 192-ஐ இருபதால் வகுத்தால் 9.6 பை. மா அந்த நாணயத்தில் உட்காரவில்லை. மாவும் காணியும் நில அளவையின் பேச்சில் தங்கிவிட்டன, சில்லறைக் காசிலிருந்து போய்விட்டன.

அடுத்த மாற்றம் 1957 ஏப்ரல் 1. ரூபாய்க்கு 100 நயா பைசா. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. எனவே மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று போட்டார்கள். ஒரு ரூபாயை மொத்தமாக மாற்றினால் 100. அதே ரூபாயை ஒவ்வோர் அணாவாகப் பதினாறு தடவை மாற்றினால் 16 × 6 = 96. நாலு பைசா எங்கே போனது? சில்லறையாகப் புழங்கியவரிடமிருந்து போனது. மூன்று மூன்று அணாவாகக் கொடுத்தால் கொடுப்பவருக்குக் கொஞ்சம் லாபம். முழுமையாக்கல் என்று பாடத்தில் படித்தீர்களே, அது யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரிந்தவர் தப்பிப்பார்.

இனி இயந்திரத்தின் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் கால்குலேட்டர் வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் கால்குலேட்டருக்காகத்தான் கம்ப்யூட்டரின் சிப்பே வந்தது. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கால்குலேட்டர் செய்யக் கேட்டதில் பிறந்ததுதான் இன்டெல் 4004. அது 1971-இல் விற்பனைக்கு வந்தது. 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டோஷில் கால்குலேட்டர் இருந்தது. அதை வரைந்து காட்டிய இளைஞர் கிறிஸ் எஸ்பினோசாவிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பத் திரும்பக் குறை சொன்னார். சலித்துப்போன எஸ்பினோசா, கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு நிரலை எழுதி, "நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்" என்று ஜாப்ஸ் கையிலேயே கொடுத்துவிட்டார். ஜாப்ஸ் பத்து நிமிடத்தில் அமைத்த வடிவம் பல ஆண்டுகள் நிலைத்தது. மைக்ரோசாஃப்ட் 1985-இல் முதல் விண்டோஸ் வெளியிட்டபோதே அதில் கால்குலேட்டர் உண்டு.

அந்தக் கால்குலேட்டரும் எல்லாக் காலத்திலும் சரியாகச் சொன்னது என்று எண்ண வேண்டாம். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் 2.01-லிருந்து 2-ஐக் கழித்தால் 0.00 என்று காட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும் பிழை. பிறகு திருத்தி, உள்ளே கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். 2009-இல் விண்டோஸ் 7-இல் அலகு மாற்றமும் தேதிக் கணக்கும் சேர்ந்தன. திரையில் தெரிவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் வேண்டுமா?

சரி, பொத்தான்களுக்கு வருவோம். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

முதலாவது, எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐஸுக்கு 100 ரூபாய், கூடைக்கு 50 வீதம் மூன்று கூடை. 100 + 50 × 3 என்று ஸ்டாண்டர்டு முறையில் தட்டினால் 450 வரும். அது வரிசையாகப் போடும், முதலில் கூட்டிவிடும். சயின்டிஃபிக் முறையில் அதே தட்டலுக்கு 250 வரும். அதற்குப் பெருக்கல் முதலில் என்ற விதி தெரியும். ஆல்ட் விசையோடு 1 தட்டினால் ஸ்டாண்டர்டு, 2 தட்டினால் சயின்டிஃபிக். இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு விசை.

இரண்டாவது, நினைவகம். எம் பிளஸ், எம் மைனஸ் என்ற பொத்தான்களைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். ஒரு நாள் பாட்டை எடுத்துக்கொள்வோம். விலை என் கற்பனை. இறால் 6 கிலோ 420 வீதம்: 6 × 420 = தட்டி எம் பிளஸ். நண்டு ஒன்பதரைக் கிலோ 280 வீதம்: 9.5 × 280 = தட்டி எம் பிளஸ். மடவை 14 கிலோ 180 வீதம்: 14 × 180 = தட்டி எம் பிளஸ். இப்போது எம்ஆர் தட்டினால் மொத்தம் 7,700. தரகருக்கு நூற்றுக்கு ஐந்து என்றால், அப்படியே − 5 % தட்டுங்கள். 385 என்று கமிஷன் தெரியும், = தட்டினால் மீதி 7,315. அதை எம்எஸ் தட்டிப் புதிதாக நினைவில் வையுங்கள். டீசல் 8 × 92 = தட்டி எம் மைனஸ். ஐஸ், சாப்பாடு 279 தட்டி எம் மைனஸ். எம்ஆர் தட்டினால் 6,300. படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு பங்கு, ஆள் நான்கு பேர், ஆறால் வகுத்தால் பங்குக்கு 1,050. காகிதம் இல்லாமல், இடையில் எதையும் மறக்காமல் கணக்கு முடிந்தது.

மூன்றாவது, வட்டி. இதை எல்லோரும் வீட்டில் செய்து காட்டுங்கள். மூணு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் வருஷத்துக்கு 3,600 என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு சேர்ந்தால்? 10000 × 1.03 தட்டி, = விசையைப் பன்னிரண்டு தடவை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலும் ஒரு மாதம். பன்னிரண்டாவது தட்டலில் 14,257.61 வரும். 3,600 இல்லை, 4,257 ரூபாய் 61 காசு. மாதம் மாதமாகக் கடன் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

நான்காவது, வரலாறு. கன்ட்ரோல் விசையோடு ஹெச் தட்டினால், அல்லது சாளரத்தை அகலமாக இழுத்தால், இதுவரை போட்ட கணக்கெல்லாம் வரிசையாகத் தெரியும். எந்த எண்ணைத் தப்பாகத் தட்டினோம் என்று பார்க்கலாம். எனக்கு இந்த வசதிதான் எல்லாவற்றிலும் பெரிது. நம் கரையில் நூற்றாண்டுக் கணக்காகப் பேரேடு ஒருவர் கையில்தான் இருந்தது. எதிரே நின்றவருக்கு விடை மட்டும் சொல்லப்பட்டது, வழி காட்டப்படவில்லை. பரீட்சையில் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறைப்பேனே, ஏன் என்று இப்போது புரிகிறதா? கணக்கு சொல்கிறவரிடம் வழியைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: கால்குலேட்டரை மூடினால் இந்த வரலாறு அழிந்துவிடும். வேண்டியதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, தேதிக் கணக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2017-இல்தான் 45 நாள் 61 நாளாக நீண்டது. இரண்டு தேதியையும் போட்டால் கால்குலேட்டர் 60 என்று சொல்லும். தப்பு இல்லை. அது இடைவெளியைச் சொல்கிறது, முதல் நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வேலை. வேலிக் கம்பத்தையும் இடைவெளியையும் வைத்து ஏழாம் வகுப்பில் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான். கூலி நாள், காப்பீட்டு நாள், தவணை நாள் எல்லாவற்றிலும் இந்த ஒரு நாள் ஒளிந்திருக்கும்.

ஆறாவது, பாடு. நம் ஏரியில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாட்டு முறை, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களில் தலைமுறைகளாக உண்டு. வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிப்போன முறை. இதற்கும் பொத்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் 36 பேர், நாளுக்கு ஒருவர் முறை, 2026 ஜனவரி 1 முதல் ஆளுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10 யாருடைய முறை? தேதிக் கணக்கில் இடைவெளி 99 நாள். சயின்டிஃபிக் முறையில் மாட் என்றொரு பொத்தான் உண்டு, வகுத்தால் வரும் மீதியை மட்டும் கொடுக்கும். 99 மாட் 36 போட்டால் 27. முதல் நாள் முதல் ஆளுடையது என்பதால் ஒன்றைக் கூட்டினால் இருபத்தெட்டாவது ஆள். பெரியவர்கள் இதை மனதிலேயே சொல்லிவிடுவார்கள், அவர்களோடு போட்டி போடச் சொல்லவில்லை. இளையவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது, அலகு மாற்றம். கடல்மைல் என்று போட்டால் கிலோமீட்டர் வரும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இன்படி கரையிலிருந்து குறிப்பிட்ட கடல்மைல் தூரம் வரை இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மூன்று கடல்மைல் என்றால் 5.556 கிலோமீட்டர். ஜிபிஎஸ்ஸில் ஓர் அலகு, சட்டத்தில் ஓர் அலகு, பேச்சில் ஓர் அலகு என்று இருக்கும்போது எது எவ்வளவு என்று தெரிந்தவரால்தான் புகாரைச் சரியாக எழுத முடியும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதே பட்டியலில் பணமாற்றமும் இருக்கிறது, அதற்கு மட்டும் இணையம் வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. 2019 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இந்தக் கால்குலேட்டரின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம். அதே மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் நம் பழைய பின்னக் குறிகள், முந்திரி உட்பட, இடம்பெற்றன. எழுத்தும் வந்துவிட்டது, நிரலும் திறந்துவிட்டது. இரண்டையும் சேர்க்க ஒரு ஆள்தான் வேண்டும். என் மாணவர்களில் சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதுகிறவர்கள் குறைந்தது இருபது பேர் இருப்பீர்கள். முந்திரி, காணி, மா, வீசத்தில் விடை சொல்லும் ஒரு கால்குலேட்டரைச் செய்து காட்டுங்கள். வயதான கண்ணாக இருந்தாலும் முதல் ஆளாகப் பயன்படுத்திப் பார்ப்பது நான்தான்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், அம்மாவோ, அத்தையோ, நண்டு விற்கும் பெரியம்மாவோ, வாங்கியிருக்கும் கடனின் கணக்கை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்க, கால்குலேட்டரில் போட்டுக் காட்டுங்கள். பிறகு வந்த விடையை அல்ல, போட்ட வழியைக் கீழே எழுதுங்கள். படித்துத் திருத்துகிறேன். ஓய்வு பெற்றது சம்பளம்தான், சிவப்பு மை இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்